சீவலக்காவும் எலியின் பழைய பல்லும்

அவருடைய வேலை சீவுவது. தேங்காயோ பாக்கோ இல்லை. சுண்டெலிக் கருவின் தாடை. மெழுகுக் கட்டியில் பதித்த தாடையை மெஷின் கத்தியில் தலைமுடியைவிட மெல்லிய இழைகளாகச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அதனால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் சீவலக்கா. இழை பறந்துவிடும் என்று தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருகிற ஆள்.

சுண்டெலிக்கு முன்னால் வெட்டுப்பல், பின்னால் கடைவாய்ப்பல், நடுவில் வெறும் ஈறு. அதன் மூதாதைகளுக்கு அந்த நடு இடத்திலும் பல் இருந்தது. அது எப்படிப் போனது என்பதுதான் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியையின் ஆராய்ச்சி. பதின்மூன்று நாள் கருவின் இழைகளில், கடைவாய்ப்பல் மொட்டுக்குச் சற்று முன்னால் ஒரு குட்டிப் புடைப்பு தெரிந்தது. பேராசிரியை பார்த்தார். சீவியவரை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த இழைகள் இருந்த பெட்டி மேல் “கத்தித் தடம்” என்று எழுதி ஒதுக்கிவிட்டார். கத்தி முனை நெளிந்திருந்தால் ஒவ்வொரு இழையிலும் ஒரே இடத்தில் தடம் விழும், அது உண்மைதான். ஆனாலும் சீவலக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று இரவு வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தார்.

“எலிக்குப் பல்லு இருந்தா என்ன, இல்லாட்டி உனக்கென்ன?” என்றார் கணவர்.

“எலிக்கு ஒண்ணுமில்ல. கெட்ட பேரு என் கைக்குத்தானே!”

மறுநாள் காலை நேரே பேராசிரியையின் மேசைக்குப் போனார்.

“பதின்மூணு நாள் கருவுல மிச்சமிருக்கிற ஒரு தாடையை எனக்குக் குடுங்க மேடம்.”

“அதை வெளியில குடுத்து வெட்டலாம்னு இருக்கேன்க்கா.”

“அதே கத்தியாலதான் வெட்டப்போறேன். கட்டியை மட்டும் பக்கவாட்டுல திருப்பி வச்சுக்கறேன். தடம்னா கத்தியோட போயிரும். பல்லுன்னா தாடையோடயே நிக்கும்.”

“கெட்டுப்போச்சுன்னா?”

“மெஷின் சாவியை உங்க கையில குடுத்துட்டுப் போயிடறேன்.”

சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், நூற்றுப் பதினெட்டு இழை சீவினார். ஒன்றுகூடக் கிழியவில்லை. சாயம் ஏற்றிக் காய்ந்ததும் பேராசிரியை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். புடைப்பு தாடையில் அதே இடத்தில் அசையாமல் இருந்தது.

பேராசிரியை வேகவேகமாகப் பதினைந்து நாள் கருவின் ஸ்லைடுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவற்றில் புடைப்பைத் தனியாகக் காணோம். முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்கம் மட்டும் நீண்டிருந்தது.

“பழைய பல்லு எங்கயும் போகலக்கா,” என்றார் மெதுவாக. “ஒவ்வொரு கருவுலயும் முளைக்கப் பாக்குது. பின்னாடி இருக்கிற பல்லு அதைத் தன்னோட சேத்துக்குது. கருவுல வளர்ற விதம் இப்படி மாறினதாலதான் வாயே மாறியிருக்கு.” பிறகு நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிர்ந்தார். “உங்க கையைச் சந்தேகப்பட்டுட்டேன்.”

“சந்தேகப்படுங்க மேடம், அது உங்க வேலை,” என்றார் சீவலக்கா. “ஆனா என் பெட்டி மேல எதையாவது எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க.”