ஸ்கேன் அறையில் கேட்ட மணி

அன்பான விசுவாசிகளே, நான் விவேக் நகர் பிலோமினா. 1998-ஆம் வருடம் மழைக்காலத்தில் என் ஐந்து வயது மகள் ஸ்டெல்லா தினமும் காலையில் வாந்தி எடுத்தாள். நடந்தால் தள்ளாடினாள். பூச்சி மருந்து கொடுத்தோம், திருஷ்டியும் கழித்தோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, மூளையில் கட்டி என்றார்கள். பிள்ளைகளுக்கு மிக அபூர்வமாக வருவதாம். அது என் பிள்ளையைத்தானா தேடி வர வேண்டும்?

"கட்டி எங்க முடியுதுன்னு தெரியாம கை வைக்க முடியாதும்மா. எம்.ஆர்.ஐ. படம் உடனே, தெளிவா வேணும்" என்றார் டாக்டர். அவளுக்கோ நெஞ்சு நிறையச் சளி. மயக்க மருந்து கொடுக்கப் பயந்தார்கள். விழித்தபடியே அசையாமல் படுக்க வேண்டும். ஒரு இடத்தில் உட்கார்ந்து சோறு தின்னாதவள் அவள்! முதல் தடவை அந்த ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் அலறித் துடித்தாள். படம் முழுக்கக் கலங்கல். அடுகோடி பட்டறையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார்.

கட்டியே இருக்கக் கூடாது என்று ஜெபித்தேன். பதில் இல்லை. ஆண்டவரோடு சண்டையே போட்டேன்.

மறுபடி எடுத்தபோது என்னையும் உள்ளே விட்டார்கள். உலோகம் ஆகாது என்று தாலி, தோடு, ஜெபமாலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கையோடு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தினமும் சொல்லும் ஜெபம்கூட வாயில் வரவில்லை. "ஆண்டவரே" என்றேன், அவ்வளவுதான்.

இயந்திரம் டங் டங் என்று அடித்தது. கால்களை உதறினாள். சத்தம் நின்றதும், "அல்லாடபேடா மகு, அசையாதம்மா" என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினார் ஸ்கேன் எடுப்பவர். அப்போது என் வாயில் தானாக வந்தது.

"ஸ்டெல்லா, பூசையில சாமியார் அப்பத்த தூக்கறப்ப மணி அடிக்கும்ல? அந்த மணிதாண்டி இது."

அந்த மணி கேட்டால் மூச்சுகூடச் சத்தமாக விடக் கூடாது என்றுதான் எங்கள் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். மறுபடி சத்தம் ஆரம்பித்தது. என் கைக்குள் அவள் பாதம் அசையவே இல்லை. முடியும்வரை அசையவில்லை.

கட்டி இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. "எடுத்துடலாம்மா" என்றார் டாக்டர். சளி இறங்கிய பிறகு ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். இடது கை இன்னும் பலமில்லை. ஆனாலும் என் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். ஆண்டவருக்குக் கோடி நன்றி.

இப்போது கோயிலில் வியாழக்கிழமை நவநாள் ஜெபம் முடிந்ததும் குழந்தைகள் வார்டுக்குப் போய், அங்கிருக்கும் தாய்மார்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உங்களில் யாராவது அப்படி ஒரு வாசலில் காத்திருந்தால், ஜெபிக்க வார்த்தை இல்லையே என்று கலங்காதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும். நான் கேட்கத் தெரியாமல் நின்றதையும் அவர் கேட்டார்.