மாமியார் வீட்டு ஆன்டெனா

கபாசா எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. வருகிறவருடைய வீட்டுக் கூரையைப் பார்க்கிறார். "என்னண்ணே, ஆன்டெனா தெற்கே சாஞ்சு கிடக்கு, வீட்ல சண்டையா?" என்பதுதான் அவருடைய வணக்கம். கசாமா ஊர்க் குன்றின் மேல் நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பொறியாளர். எந்த வீட்டுக் கம்பம் எந்தத் திசையில் நிற்கிறது என்பது மனப்பாடம். பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாளைக் கேட்டால் மட்டும் மனைவி கசோந்தேயின் முகத்தைப் பார்ப்பார்.

பழைய ஒளிபரப்புக் கருவி பீரோ அளவு, அடுப்புச் சூடு. காலையில் சோளக்களியை அதன் தலையில் வைத்தால் மதியம் ஆவி பறக்கும். டிஜிட்டல் வந்தது. புதுக் கருவி சூட்கேஸ் அளவு. அறை முழுக்கக் குளிர்காற்று. மூன்று நாள் கல்லாய்ப் போன களியை மென்றுவிட்டு, "நல்ல மெஷின்தான், சோறு மட்டும் போடாது" என்றார்.

வெளியே அதை விட்டுக்கொடுக்கவில்லை. சந்தை சந்தையாக ஒலிபெருக்கியோடு போனார். "படத்துல எறும்பு ஊர்ற காலம் முடிஞ்சுது மக்களே! டிவியோட டிஜிட்டல் பெட்டியை மாட்டுங்க, எறும்பை ஓட்டுங்க!" ஒன்றைச் சொல்லாமல் விட்டார். பழைய அலை இளைத்தாலும் எறும்போடாவது படம் தரும். புதியது தந்தால் முழுசாகத் தரும். தராவிட்டால் கறுப்புத் திரை.

குன்றுக்குப் பின்னால் இருந்த மாமியார் வீட்டில்தான் முதல் கறுப்புத் திரை விழுந்தது.

அந்த ஊர் முறைப்படி, மாமியார் விருந்து வைத்து அழைக்கும்வரை மருமகன் அவர் வீட்டுப் படியேறக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. பலர் இந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள். இந்த அம்மா விடவில்லை. பதினோரு வருடமாக விருந்து "அடுத்த அறுவடைக்கு". இப்போது மகளிடம் தீர்ப்பைச் சொல்லி அனுப்பினார். ஞாயிறு நாலு மணிக்குத் தேவாலயப் பாட்டுப் போட்டி ஒளிபரப்பாகிறது. அவர் முன்னின்று பாடிய குழு அதில் வருகிறது. "அது தெரிஞ்சா விருந்து. தெரியலேன்னா விருந்தே கிடையாது. என் பழைய எறும்பைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு உம் புருசனை."

ஞாயிறு மூன்று மணி. மாமியார் உள்ளே டிவி முன். கசோந்தே கொல்லை வாசலில். கபாசா கொல்லையில், கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி. அலையை அளக்கும் கருவியைத் தலைநகரத்து அதிகாரி கையோடு கொண்டுபோயிருந்தார். உள்ளேயிருந்து வரும் சொல்தான் அளவு.

டிஜிட்டல் படம் நாலு நொடி யோசித்துவிட்டுத்தான் வரும். அதைக் கபாசா கணக்கில் வைத்திருந்தார். மனைவியின் மரியாதையைக் கணக்கில் வைக்கவில்லை. மாமியார் சொல்வதை மருமகனிடம் மொட்டையாகச் சொல்லக் கூடாது.

"வந்திருச்சு!" என்றார் மாமியார் உள்ளே, கொல்லைவரை எட்டாத குரலில்.

"ஏங்க, அம்மா உங்களை விசாரிச்சாங்க, வெயில்ல நிக்கிறீங்களேன்னு வருத்தப்பட்டாங்க, படம் வந்திருச்சாம்."

அதற்குள் கம்பம் கால்வட்டம் திரும்பியிருந்தது.

"போயிருச்சு! இவனெல்லாம் ஒரு இன்ஜினியரா?"

"அம்மா உங்க உழைப்பை மெச்சுறாங்க. படம் போயிருச்சாம்."

"எப்பப் போச்சு?"

"நான் உங்களை விசாரிச்சப்ப."

"விசாரிக்காதடி! வந்துச்சு, போச்சு. அவ்வளவுதான் பேசணும்!"

"எங்கம்மா பேச்சை நான் எப்படிங்க அறுத்துக் குடுக்கிறது? நாளைக்கு என் அத்தைமாருங்க என்னை உரிச்சிருவாங்க."

இப்படியே ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐந்து தடவை வந்தது, ஐந்து தடவை போனது. கபாசாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நாலு அடிக்க ஒரு நிமிடம் இருந்தபோது ஜன்னல் படாரென்று திறந்தது.

"டேய் கபாசா! அசையாதே! அங்கேயே நில்லு!"

பதினோரு வருடத்தில் மாமியாரிடமிருந்து நேராக வந்த முதல் பேச்சு. கபாசா கண்ணை இறுக மூடிக்கொண்டார், கையை அசைக்கவில்லை. உள்ளே பாட்டு கிளம்பியது. சுத்தமான பாட்டு, ஒரு பிசிறு இல்லை.

கம்பத்தைக் கட்டக் கயிறு இல்லை. ஒரு கையால் இடுப்பு பெல்ட்டை உருவி, கம்பத்தைக் கூரைக்காலோடு சேர்த்து இறுக்கினார். விடுபட்ட கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, அம்மா என்ன சொல்றாங்கன்னா..." என்று கசோந்தே ஆரம்பித்தாள்.

மாமியார் அவளைத் தோளால் நகர்த்திவிட்டு வாசலுக்கு வந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டிவியில் அவர் குரல் இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டது. அவர் வாசல்திரையைத் தூக்கிப் பிடித்தார். கால்சட்டையைக் கையில் பிடித்தபடி கபாசா படி ஏறி முடிக்கும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.