கொய்யா மரத்துக் கம்பளி

2003 ஆம் ஆண்டு, ஜூன் மழை. இரத்தினபுரியில் காலை ஏழு மணி பஸ் ஏறி, அவிசாவளையில் மாறி, கரவனெல்லவில் இறங்கினேன். த்ரீவீல்காரரிடம் "கம்பளி பார்க்கணும்" என்றேன். என்னோடு வேலை செய்பவரின் அக்கா செல்வராணி அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். த்ரீவீல்காரர் என்னை இறக்கிவிட்டதோ துணிக்கடை வாசலில். மழைக்குப் போர்த்துகிற கம்பளி வாங்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். நான் கேட்டது கம்பளிப்பூச்சி என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டம் வரை எண்பது ரூபாய்தான் எடுத்தார்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் கொய்யா மரம் பாதி மொட்டையாக நின்றது. பெருவிரல் தண்டியில் வெளிர்பச்சைப் புழுக்கள், மேலெல்லாம் மாவு பூசியதுபோல் வெள்ளை. மயிர் ஒன்றுகூட இல்லை. ஆனால் இங்கே எந்தப் புழுவுக்கும் கம்பளி என்றுதான் பேர். பேரைக் கேட்டாலே அரிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெருமாள் புழுக்களைக் கொளுத்த மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு நின்றார். அவர் வீட்டில் கைக்குழந்தை. அவரைக் குறை சொல்ல முடியாது.

செல்வராணிக்கோ புழுக்கள் பிழைக்க வேண்டும். காரணத்தைக் கிளையில் காட்டினார். இலையில் சுற்றிய கூட்டைப் பிடித்தபடி, காலையில் வெளிவந்த அந்துப்பூச்சி. விரித்த இரண்டு உள்ளங்கை அகலம், செங்கல் நிறம், சிறகு நுனியில் பாம்புத் தலை மாதிரி ஒரு வடிவம். அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சீனித்தண்ணீரும் வைத்திருந்தார்.

அரிக்குமா என்று எனக்கும் தெரியாது. பயந்துகொண்டே ஒரு புழுவைக் கையில் ஏற்றினேன். வெள்ளை மாவு ஒட்டியது, அவ்வளவுதான். பெருமாள் அசையவில்லை.

"ஒங்க தோலு தடிப்புங்க. புள்ளைக்கு?"

சீனித்தண்ணீர் வீண் என்று செல்வராணியிடம் சொன்னேன். இந்தப் பூச்சிக்கு வாயே கிடையாது, புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்தே சில நாள் வாழ்ந்து முடிகிறது என்று எங்கோ படித்திருந்தேன். அவர் புழுக்கள் தின்ற இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமாள் பக்கம் திரும்பினார்.

"இதுக ஆயுசுக்கும் திங்கிறது இப்ப மட்டுந்தானாம், அண்ணே. சாப்பாட்டுல இருக்கிறத எழுப்புவாங்களா?"

பெருமாள் பந்தத்தைச் சேற்றில் ஊன்றினார். தன் வாசல் பக்கம் நீண்ட கிளையை மட்டும் வெட்டுவதாகச் சொன்னார். அதிலிருந்த புழுக்களைச் செல்வராணியும் நானும் ஒவ்வொன்றாக மறுபக்கம் மாற்றினோம். வெட்டியவரே கடைசிப் புழுவை இலையோடு எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குடிக்க ஒன்றும் வேண்டாம் என்று எழுந்தேன். செல்வராணி தேத்தண்ணீரோடு வழியை மறித்தார்.

"அதுக்குத்தான் வாயில்ல. ஒங்களுக்கு இருக்குல்ல, குடிச்சிட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது.