மூழ்கும் கப்பலுக்கு மைக் பிடித்தவன்

இங்கிலீஷ் படத்துக்குத் தமிழில் கதை சொல்லுகிற தொழிலில் காட்சிக்கு ஒரு கண்டம் உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் கொட்டகையில் எனக்கு அந்த வேலை. திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்பேன். ஆபரேட்டர் சத்தத்தைக் குறைத்ததும் நடப்பதை இரண்டு வரியில் சொல்வேன். அடுத்தவர் பேச்சைத் தம் வாயால் சொல்லிப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மேனேஜர் போட்ட நிபந்தனை

பெரிய கப்பல் ஒன்று பனிமலையில் மோதி மூழ்கிய உண்மைக் கதை வந்தது. போன படத்தில் நான் கொஞ்சம் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டேன் என்று மேனேஜருக்குப் புகார் போயிருந்தது. படப்பெட்டி வந்ததுமே என்னைக் கூப்பிட்டார். "சேர்ல உக்கார்றவுகளுக்கு இங்கிலீஷ் தெரியும். படத்துல இல்லாதத ஒரு வார்த்த சொன்னீங்க, மைக்கு வேற ஆள் கைக்குப் போயிரும்."

கிளாவரைக்காரர் கேள்வி

முதல் காட்சியிலேயே சோதனை. கப்பல் மோதிவிட்டது, படகுகள் போதாது என்றேன். தரை டிக்கெட்டில், பூண்டு மூட்டையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வந்திருந்த கிளாவரை மலைக்கிராமத்துக்காரர் ஒருவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பளியோடு எழுந்து நின்றார். அவர் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "எதுக்குய்யா தண்ணியில குதிக்கிறாக? மலைதான் பக்கத்துலயே கெடக்கே, வெரசா அதுல ஏறி நிக்கச் சொல்லுங்க."

கரி அள்ளுகிற இடம்

மறுநாள் மாலைக் காட்சிக்குப் பலசரக்குக் கடை காசிம் ராவுத்தர் வந்தார். அவர் மகன் ஏதோ ஒரு கப்பலில் கரி அள்ளிப் போடுகிறான் என்பது பஜாருக்கே தெரியும். அவரைப் பெஞ்சில் பார்த்ததுமே, படத்தில் கரி அள்ளுகிற இடம் வருமே என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது.

கப்பலின் அடியில் தண்ணீர் புகுந்தது. கரி அள்ளுகிறவர்கள் ஓடி வர, மேலிருந்து இரும்புக் கதவு இறங்கியது. சிலர் குனிந்து தப்பினார்கள். கதவு மூடிக்கொண்டது. நான் மைக்கைக் கீழே இறக்கினேன். ராவுத்தர் எழுந்தார். "உள்ள மாட்டுனவுக என்ன ஆனாக, தம்பி?" என்றார். கொட்டகையே என் பக்கம் திரும்பியது. சேர் வரிசையில் மேனேஜரும் இருந்தார். பயமாகத்தான் இருந்தது. "பின்பக்கம் ஓர் ஏணி இருக்கிறது. எல்லாரும் அது வழியாக மேலே வந்துவிட்டார்கள்" என்று மைக்கில் சொன்னேன். சேர் வரிசையில் யாரோ செருமினார்கள். ராவுத்தர் உட்கார்ந்தார்.

படம் விட்டதும் வாசலில், மேனேஜர் நிற்கும்போதே, ராவுத்தர் என்னை நிறுத்தினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கண் சிவந்திருந்தது. "ஏணி ஒண்ணும் காணமே, தம்பி. நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நாளைக்கு அவன் அம்மாவக் கூட்டிட்டு வாரேன், அவகிட்டயும் அப்படியே சொல்லுங்க."

மேனேஜர் மைக்கைப் பிடுங்கவில்லை. ஆகவே அந்தக் கப்பல் ஊர் உலகத்திலெல்லாம் ஆளோடு மூழ்கினாலும், எங்கள் கொட்டகையில் மட்டும் படம் மாறும்வரை கரி அள்ளினவர் ஒருவரும் சாகவில்லை.