கூண்டை இறக்கிய பிறகு

எங்கள் குடும்பத்தில் யாருமே புயல் எச்சரிக்கைக் கூண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் எங்களுக்கு அதை விட்டால் வேறு பேச்சு கிடையாது. “மூணாம் நம்பர் ஏத்திட்டானாம்”, “ஏழு ஏத்திட்டானாம்” என்று சோரியாங்குப்பத்திலிருந்து அக்கா வீட்டுக்காரர் எனக்குப் போன் போட்டுச் சொல்வார். மாமா நெல்லும் கரும்பும் போடுகிறவர். துறைமுகத்தில் கப்பலுக்கும் படகுக்கும் ஏற்றுகிற கூண்டுக்கும் அவருடைய கரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் அதைப் புயலைப் பிடித்து அடைக்கிற கூண்டு என்றே நினைத்திருந்தேன். மாமா தலை நரைத்த பிறகும் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்பினார் என்பது என் சந்தேகம்.

கூண்டை ஏற்றினால் மாட்டை மேட்டுக்கு ஓட்ட வேண்டும், இறக்கினால் வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும். தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிற அவர்கள் தெருவில் இதுதான் வழக்கம். அவர்களுக்கு மேடு என்றால் பாகூரில் இருக்கிற என் வீடு.

எனக்கு எப்போதுமே பயம் ஜாஸ்தி. மருந்துக் கடையில் வேலை செய்வதாலோ என்னவோ, எது வருவதற்கு முன்பும் அதற்கொரு மருந்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் எனக்கு. கார்த்திகை பிறந்தால் போனில் வானிலை பார்ப்பதே வேலை. வங்கக்கடலில் ஒரு சுழி தெரிந்தால் போதும், சாப்பாடு இறங்காது. இரண்டு மூன்று தடவை நான் ஊரையே பயமுறுத்திய புயல்கள் ஆந்திரா பக்கம் திரும்பிப் போய்விட்டன. “இன்னாடி, உன் புயல் இன்னா ஆச்சு?” என்று அக்கா கேட்பாள். ஏதோ நான் பெற்று வளர்த்து அனுப்பியது மாதிரி.

ஆனால் ஒரு வருஷம் வந்த புயல் அப்படித் திரும்பவில்லை. அதன் பெயரைத் தன் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

கூண்டு ஏற்றிய அன்றே அக்காவும் மாமாவும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரே மாடுதான், நிறைசினை. கன்றாக இருந்தபோதே தாய் செத்துப்போய், அக்கா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. இது அதற்குத் தலை ஈத்து, முதல் கன்று. எங்கள் பின்பக்கத் தகரக் கொட்டகையில் கட்டினோம். மாமா ஒரு கயிற்றுக்கு இரண்டு கயிறாகப் போட்டு முடிச்சை இறுக்கினார். காற்றுச் சத்தத்தில் மிரண்டு ஓடிவிடக் கூடாது என்று புயல் நாட்களில் அப்படித்தான் கட்டுவார்.

புயல் கரையைக் கடந்தது. எதிர் வீட்டுத் தகரம் பறந்தது, வாசலில் முருங்கை மரம் முறிந்தது. மறுநாள் முழுக்க மழை விடவேயில்லை. அதற்கடுத்த நாள் பளிச்சென்று வெயில். மதியம் செய்தியில் கூண்டை இறக்கிவிட்டார்கள் என்று சொன்னதுமே மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மாமா, இன்னும் ரெண்டு நாள் இருங்களேன். மேக்க திருவண்ணாமலை பக்கம் கொட்டோ கொட்டுனு கொட்டுதாம். ஆத்துல தண்ணி வருதுன்னா?”

“இன்னாம்மா நீ? கூண்டே எறக்கிட்டான். இன்னும் இன்னா பயம்?”

“கூண்டு கடலுக்கு மாமா.”

“புயல் கடல்லேர்ந்துதான வந்துச்சு? அது போயிடுச்சி. மாடு கன்னு போடற நேரம். அது அதோட கொட்டாய்லதான் போடணும், அசலூட்டுல போடக் கூடாது.”

தலை ஈத்து சொந்தக் கொட்டாயில்தான் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் முன்னால் நடக்க, மாடு வயிற்றை ஆட்டி ஆட்டிப் பின்னால் போனது. ஈரத் துணியெல்லாம் காய்ந்ததும் காலையில் வருகிறேன் என்று அக்கா மட்டும் தங்கினாள். அந்த ஈரத் துணிக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்த எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறின. மணி அடிப்பது போல இல்லை, ஒரு மாதிரி வீறிட்டது. அணையிலிருந்து தண்ணீர் திறந்திருக்கிறார்கள், தென்பெண்ணைக் கரையோர மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்று திரையில் எழுத்து ஓடியது. அதையே கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ ஸ்பீக்கர் கட்டிச் சொல்லிக்கொண்டு போனது. வெளியே அப்படி ஒரு வெயில். துணிக்கொடியில் அக்காவின் புடவை மொடமொடவென்று காய்ந்திருந்தது.

மாமா வைத்திருப்பது பட்டன் போன். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப அதே குரல். கரன்ட் போனதில் சார்ஜ் இறங்கியிருக்கும் என்று அக்காவுக்குச் சமாதானம் சொன்னேன். அவள் சமையலறையிலிருந்து சின்ன வெங்காயத்தை முறத்தோடு எடுத்து வந்து உரிக்க உட்கார்ந்தாள். யாரும் சமைக்கப் போவதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தை முட்டிக்கொண்டு போகிற தண்ணீர், கூரை மட்டும் தெரிகிற வீடுகள் என்று வீடியோ வீடியோவாக வந்தது. அதில் எது எங்கள் ஊர், எது எந்த மாநிலத்தில் எப்போது எடுத்தது என்றே தெரியவில்லை. தோளில் துண்டு போட்ட ஆள் யாராவது இருக்கிறாரா என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய், ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, போலீஸ் விடவில்லை என்று திரும்பி வந்தார். அக்கா நிமிர்ந்து அவர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மாலை வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு டிராக்டர் தெருமுனையில் வந்து நின்றது. சேறும் சகதியுமாக இறங்கியவர்களில் மாமாவும் இருந்தார். அக்கா ஓடிப்போய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அவர் தடுக்கவில்லை. அவர் வலது கையில் அறுந்த கயிற்றுத் துண்டு ஒன்று சுற்றியிருந்தது.

டீ குடித்த பிறகுதான் பேசினார்.

“கொட்டாய்க்குப் போறதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சி. ஈரத்துல முடிச்சு அவுரல. இங்க கட்டின மாதிரியே ரெட்டை முடிச்சு போட்டிருந்தேன். அருவாளால அறுத்து விட்டேன். போடி போடின்னு அடிச்சேன். போவல. அது கொட்டாயாச்சே, அங்கியே நின்னுச்சி. என்னை வாட்டர் டேங்க் மேல ஏத்திட்டாங்க. அங்கேர்ந்து கூப்பிட்டேன். கத்துச்சி. அப்பறம் சத்தம் இல்ல.”

தண்ணீர் வடிந்த பிறகு மாடு ஒரு கரும்புத் தோட்டத்தில் கிடந்தது. கொம்பில் மாட்டுப் பொங்கலுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்ததை வைத்து அக்காதான் அடையாளம் சொன்னாள். வயிற்றை மட்டும் அவள் பார்க்கவில்லை.

அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நான் படித்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றக் கடல்களில் புயல் பெயர்களைத் திரும்பத் திரும்ப வைப்பார்களாம், பெரிய நாசம் பண்ணிய புயலின் பெயரை மட்டும் நீக்கிவிடுவார்களாம். நம் கடலில் எந்தப் பெயராக இருந்தாலும் ஒரே தடவைதான்.

“அந்தப் பேரு இனிமே வராதுக்கா.”

“புயலுக்குப் பேரை எடுத்துட்டாங்க, சரி. ஆத்துக்கு அதே பேருதானடி?” என்றாள்.



அடுத்த மழைக்காலத்தில் புயல் ஒன்று வேறு பெயரில் வந்தது. மாமா கன்றுக்குட்டி ஒன்று வாங்கியிருந்தார். அதையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு கூண்டு ஏற்றுவதற்கு முன்பே என் வீட்டுக்கு வந்துவிட்டார். கன்றை ஒற்றைக் கயிற்றில், இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகக் கட்டினார். காற்று வந்தது, போனது. மழை விட்டு வெயில் அடித்தது. எனக்கே கொஞ்சம் தைரியம் வந்து, கூண்டை இறக்கிட்டாங்களாம் என்று சொன்னேன்.

மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் கன்றுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எறக்கட்டும்,” என்றாள். “அணையில தண்ணி எவ்ளோன்னு கேட்டுச் சொல்லு. அது வரைக்கும் எங்களை அனுப்பாத.”