மலைப் பள்ளிக்குப் போன காது சோதனை

கல்லூரியில் படிக்கும்போது சி++ மொழியில் காது சோதனைக்கு ஒரு நிரல் எழுதினேன். ஹெட்போனை மாட்டினால் சன்னமாக 'பீப்' என்று கேட்கும்; கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அதற்குப் பரிசெல்லாம் கொடுத்தார்கள். பரிசு கொடுத்தவர்களுக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கும் போல.

என் வீட்டுக்காரர் கரியாலூர் பக்கம் ஒரு மலைப் பள்ளியில் வாத்தியார். கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். பிள்ளைகளுக்குக் காது சோதித்துப் பட்டியல் அனுப்பும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கருவி மட்டும் வரவில்லை.

"உன் புரோகிராம் கீதே, அத்த என் போன்ல ஓட்ட முடியாதா?" என்றார்.

"இன்னாங்க பெரிய விஷயம்? பிரவுசர்ல ஓடற மாதிரி மாத்திட்டா போச்சு. ரெண்டு நாள் வேலை" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. லேப்டாப்புக்கு எழுதிய நிரலைப் பிரவுசருக்குப் புரியும்படி மாற்றிக் கம்பைல் செய்வது புகுந்த வீட்டுக்குப் போவது மாதிரி. பிறந்த வீட்டில் செல்லுபடியானது எதுவும் அங்கே செல்லாது. ஸ்பீக்கரை நேராகத் தொடக் கூடாது. ஃபைலில் நினைத்தபடி எழுதக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள். ஒன்றைத் திருத்தினால் நாற்பது முளைத்தன. கம்பைலரைத் திட்டினேன், பிரவுசரைத் திட்டினேன், கல்லூரிக் காலத்து என்னையும் சேர்த்துத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கடைசியில் சிவப்பெல்லாம் ஒழிந்து, மஞ்சளில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. மஞ்சள் என்றால் வெறும் எச்சரிக்கை. சிவப்பையே ஜெயித்தவள் மஞ்சளை மதிப்பேனா? எச்சரிக்கைகளைக் காட்டவே கூடாது என்று அமைப்பை மாற்றிவிட்டேன். லேப்டாப்பில் சத்தம் கணீரென்று வந்தது. அவர் போனில் திறந்து பார்த்தேன். பொத்தான்கள் எல்லாம் அழகாக வேலை செய்தன. ஹெட்போனைத் தேடி எடுத்து அதில் மாட்டி, சத்தம் வருகிறதா என்று பார்க்கத்தான் சோம்பலாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் முகம் வாடி வந்தார். பன்னிரண்டு பிள்ளைகள். பதினொரு பேருக்கு முழு மதிப்பெண்.

"அந்த மூணாங்கிளாஸ் பொண்ணு ஒரு வாட்டி கூட கை தூக்கலமா. சுத்தமா கேக்கலன்னு எழுதிட்டேன். கீழ, காது கேக்காத பசங்க ஹாஸ்டல்ல சேக்கணுமாம். அவங்கம்மா கொல்லையில களை வெட்டற வேலைய வுட்டுட்டு ஓடியாந்து அழுதுகினே இருந்துச்சு."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று வருஷம் யாருக்கும் தெரியாததை என் நிரல் மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டதே!

சாப்பிடும்போது அவரே முனகினார். "ஆனா ஒண்ணுமா. வளைவுல பஸ் ஹாரன் அடிச்சா, அந்தப் பொண்ணுதான் மொதல்ல, 'பஸ்ஸு வந்துட்ச்சு சார்'னு கத்தும்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் போனில் ஹெட்போனை மாட்டிச் சோதனையைத் தொடங்கினேன். ஒரு சத்தமும் இல்லை. போனை லேப்டாப்போடு இணைத்து, மூடி வைத்த எச்சரிக்கையைத் திறந்தேன். ஆள் தொடுவதற்கு முன்னால் எந்த வலைப்பக்கமும் சத்தம் போடக் கூடாது என்பது பிரவுசரின் சட்டம். அவருக்கு ஒரு அழுத்தல் மிச்சமாகட்டும் என்று, பக்கம் திறந்ததுமே ஒலிப் பகுதி தானாகத் தயாராகும்படி எழுதியவள் நான். பிரவுசர் அதைத் தூங்க வைத்துவிட்டது; பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாலும் 'பீப்' வராது. தொட்ட பிறகு அதை எழுப்ப ஒரு வரி வேண்டும். அதை நான் எழுதவில்லை. என் லேப்டாப் மட்டும் இரண்டு வாரமாக என் 'பீப்' கேட்டுப் பழகி எனக்குச் சலுகை காட்டியிருக்கிறது.

ஆக, வராத சத்தத்தைப் பதினொரு பிள்ளைகள் துல்லியமாகக் கேட்டிருக்கிறார்கள்!

அந்த ஒரு வரியை எழுதி, இந்தத் தடவை ஹெட்போனில் கேட்டும் பார்த்துவிட்டு, மறுநாள் நானும் அவரோடு பஸ் ஏறினேன். ஹாஸ்டலுக்கென்று வாங்கிய புதுப் பையோடு அந்த அம்மா பள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். பெண்ணுக்கு ஹெட்போனை மாட்டினோம். முதல் 'பீப்'புக்கே கை மேலே போனது. கடைசி வரை ஒன்றைக்கூட விடவில்லை.

"நேத்து இன்னாத்துக்குடா எல்லாரும் கை தூக்குனீங்க?" என்று மற்றவர்களைக் கேட்டார் அவர்.

"நீங்க பட்டனை அழுத்திட்டு எங்க மூஞ்சியவே பாத்தீங்களே சார்."

"நீ ஏம்மா தூக்கல?"

"சத்தமே வரலையே சார்" என்றாள் அந்தப் பெண், அடி விழுமோ என்கிற பயத்தோடு.

பன்னிரண்டு பேரில் உள்ளதைச் சொன்ன ஒரே பிள்ளையைத்தான் மலையை விட்டு இறக்கப் பார்த்திருக்கிறேன். அவர் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'கேட்கவில்லை' என்று எழுதியிருந்ததை அடித்தார்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டார். "எம் பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு யாருங்க சொன்னது?"

கம்பைலர், பிரவுசர், மஞ்சள் வரி என்று இரண்டு வாரமாகத் திட்டிய பெயரெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"நான்தாங்க" என்றேன்.