இழுத்துப் பார்த்து எடுத்த படகு

பகலெல்லாம் உப்பளத்தில் உப்பு வாருவதும், வேலை முடிந்ததும் அதன் பின்னாலிருக்கும் ஏரியில் வலை போடுவதுமாக ஆராயிக்குப் பாதி ஆயுள் ஓடிவிட்டது. பழைய படகின் அடி விரிசல் விட்டுப்போகவே, புதிதாக ஒன்று எடுக்கக் கணவர் தனக்கோடியோடு மரக்காணத்துக்கு வந்திருந்தாள். அங்கே ஃபைபர் படகு செய்யும் பட்டறை வைத்திருந்தான் அஷ்ரப்.

தனக்கோடிக்கு, அடி கூர்மையாக இருந்த நீலப் படகின்மேல்தான் கண். "அலையைக் கிழிச்சிக்கினு போவும்ணே" என்று அஷ்ரப்பும் தூபம் போட்டான்.

ஆராயி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடி தட்டையான வெள்ளைப் படகின் விளிம்பில் கை வைத்து உயரம் பார்த்தாள். ஐப்பசிக் காற்றுக்குத் தண்ணீர் உள்ளே அடிக்காது. பிறகு அதன் மூக்கில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பட்டறை மணலில் பத்தடி தூரம் இழுத்தாள்.

அஷ்ரப் சிரித்துவிட்டான். "ஏங்க்கா, போட்டுல நீங்க ஏறிப் போவணும். போட்டை நீங்க இழுத்துக்கினு போறதா?"

"சித்திரையில வந்து பாரு எங்க ஏரிய. கணுக்கால் தண்ணி, முழங்கால் சேறு. உன் நீல போட்டு நட்ட நடுவுல குத்திக்கினு நிக்கும். யாரு இழுக்கிறது, நீயா?"

"இது மட்டும் கனமா இல்லியாக்கா?"

"எங்க வூட்டுக்காரரை முப்பது வருஷமா இழுத்துக்கினு வர்றேன். இது லேசுதாம்பா."

தனக்கோடி நீலப் படகை விட்டு வந்து, வெள்ளைப் படகைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்.